சந்தனத்தில் எழுதிய சுருதி

நாதஸ்வரக்காரர் குகநேசன் நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

பாட்டுத் தொடங்கி நாலு வரிகூட ஆகவில்லை. மருதனார்மடத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மன் கோயில், தீர்த்தத் திருவிழா. பின்னேர வெயில் பந்தலின் தகரத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. முன்வரிசையில் அன்றைய திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர் குடும்பம் பட்டும் வேட்டியுமாக இருந்தது. கனடாவிலிருந்து இதற்கென்றே வந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் மணலில் ஊரே இருந்தது. ஒரு தாய் மடியிலிருந்த குழந்தையின் காதைப் பொத்துவதை என் கண்ணால் கண்டேன்.

அவ்வளவு கேவலமாக இருந்தது. நாதஸ்வரமும் மெல்லிசைக் குழுவும் ஒரே மேடையில் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது உபயகாரரின் ஆசை. சேர்ந்து என்னவோ வாசித்தோம். நாயனம் ஒரு சுருதியில் நின்றது, நாங்கள் இன்னொன்றில் நின்றோம். வித்தியாசம் பெரிதுமில்லை, அரைச் சுருதியில் கால்வாசி. அதுதான் கொடுமை. முழுதாகப் பிழைத்தால் ஏதோ புதுமை என்றாவது நினைப்பார்கள். கொஞ்சம் பிழைத்தால் கேட்கிறவர்களுக்குப் பல் கூசும்.

எங்கள் குழுவின் தலைவர் பாஸ்கரன் அண்ணை கீபோட்டுக்கு மேலால் என்னை முறைத்தார். ஓர் இசைக்குழுவில் பிழை நடந்தால் எல்லாரும் முதலில் பார்ப்பது பேஸ் கிற்றார்காரரைத்தான். அதுவும் அந்த ஆள் நாற்பத்தாறு வயதுப் பெண், பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள் என்றால் கேட்கவே வேண்டாம்.

"சுகந்தி, உம்மடை சுருதி பிழை," என்றார், ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு.

நான் கிற்றாரின் தலையில் கவ்வியிருந்த ரியூனரைக் காட்டினேன். தந்தியின் சுருதி சரியா என்று பார்த்துச் சொல்லும் சின்னப் பெட்டி அது; உடுப்புக் காயப்போடும் கிளிப்பைப் போலக் கவ்விக்கொண்டிருக்கும். நடுக்கோட்டில் பச்சை விளக்கு எரிந்தது.

"பச்சை காட்டுதெல்லே அண்ணை!"

"அப்ப இப்ப கேட்டது என்ன? விடும், காணும். மிச்சத்துக்கு பேஸை நான் இடக்கையாலை பாக்கிறன். நீர் சும்மா நில்லும்."

இடக்கை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கீபோட்டின் கட்டைகளை இரண்டாகப் பிரித்து, இடது பக்கத்துக்குப் பேஸ் சத்தத்தைக் கொடுத்துவிட்டால் குழுவில் ஓர் ஆள் மிச்சம். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேஸ்காரர்கள் அப்படித்தான் வீட்டுக்குப் போனார்கள். நான் குழுவில் சேர்ந்து பத்து மாதம். பத்து மாதமும் அந்த இடக்கை என் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்கு, அத்தனை சனத்துக்கு முன்னால், அது இறங்கியது.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

வெருளி போட்ட குளிர்ச்சட்டை

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்கு என் கணவர் சிவத்தைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: கோப்பாயில் வெங்காயமும் பீற்றூட்டும் வைக்கிற தோட்டக்காரர். கதைப்பது குறைவு. கதைத்தால் எதிரில் நிற்பவர் பதில் தேடவேண்டி வரும்.

என் அண்ணன் நோர்வேயில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கப்பலில் ஒரு பெட்டி அனுப்புவார். சவர்க்காரம், கோப்பி, சொக்கிளேற், இவற்றோடு யாரோ போட்டுக் கழித்த குளிர்ச்சட்டைகள். கோப்பாய் வெயிலில் குளிர்ச்சட்டையை வைத்து என்ன செய்வது என்று அண்ணன் ஒருநாளும் யோசித்ததில்லை. பறவைகளை விரட்ட எங்கள் தோட்டத்தில் நிற்கிற வெருளிக்கு எங்களைவிட நல்ல உடுப்பு இருப்பதன் காரணம் அதுதான்.

அப்படி வந்த ஒரு பெட்டியில், மூன்று குளிர்ச்சட்டைக்குள் சுற்றியபடி, கறுப்பு நிறத்தில் நீட்டுக் கழுத்தோடு ஒரு கிற்றார் இருந்தது. அண்ணனின் மகன் நாலு மாதம் பழகிவிட்டுப் பந்தடிக்கப் போய்விட்டானாம்.

சிவம் தந்திகளை எண்ணிப் பார்த்தார்.

"பாவம், நாலு தந்திதான் இருக்கு. ரண்டு அறுந்துபோச்சு. கொண்ணர் உடைஞ்ச சாமானை அனுப்பிப்போட்டார்."

நானும் நம்பினேன். கணக்கு ரீச்சர் அல்லவா, ஆறில் நாலு போனால் இரண்டு. அடுத்த சனிக்கிழமையே பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், வாத்தியக் கடையில் மிச்சம் இரண்டு தந்தி கேட்டேன். கடைக்காரர் சிரித்து முடிக்கும்வரை நின்று, பேஸ் கிற்றாருக்கு நாலு தந்திதான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தேன். அந்த வெட்கத்தில் அதைப் பரணில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பழைய ரேடியோச் செற்றில் கொழுவி, அடித்தந்தியை ஒருமுறை தட்டினேன். குசினித் தட்டிலிருந்த சில்வர்க் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன.

காதுக்குக் கேட்பதற்கு முன்பே நெஞ்சுக்குக் கேட்கிற சத்தம் அது. எனக்கு அப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. ஒரு சாமான் மேல் இப்படி ஆசை வந்ததே இல்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கலியாணம் பேசின காலத்தில்கூட வரவில்லை.

இரண்டு மிசின்கள்

ரியூனர் கிற்றாரின் உறைக்குள்ளேயே இருந்தது. முதலில் அதுதான் எனக்குக் குரு. முள் இடப்பக்கம் சாய்ந்தால் தந்தியை இறுக்கு, வலப்பக்கம் சாய்ந்தால் இளக்கு, நடுவில் பச்சை வந்தால் நிறுத்து. இதற்குக் காதே தேவையில்லை.

பிறகு அந்த நெருக்கடிக் காலம் வந்தது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அந்த நேரம் பார்த்து ரியூனருக்குள் இருந்த தட்டைப் பற்றறி செத்துப்போனது. யாழ்ப்பாணம் முழுக்கக் கேட்டும் கிடைக்கவில்லை. கைத்தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டுப் பார்த்தேன். அடித்தந்தியின் முழக்கம் அந்தத் தொலைபேசியின் சின்னக் காதுக்கு எட்டவே இல்லை. தட்டத் தட்ட அது ஒன்றும் தெரியாததுபோல இருந்தது.

மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடுதான். கிடைக்கிற நாளில் அயலெல்லாம் ஒரே நேரத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும். அப்படி ஒரு காலைநேரம் சிவத்துக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். எங்கள் கிணற்று மிசினும் பக்கத்துத் தோட்டத்து மிசினும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே மாதிரி மிசின், ஏறக்குறைய ஒரே சத்தம். ஆனால் அந்தச் சத்தம் ஒரே சீராக இல்லை. வவ்... வவ்... வவ் என்று ஏறி இறங்கி விம்மியது.

"இதேன் உப்பிடி விம்முது?" என்று கேட்டேன்.

"ரண்டும் ஒரே ஓட்டத்திலை ஓடேல்லை. ஒண்டு கொஞ்சம் கூட. ஒரே ஓட்டமெண்டால் உந்த விம்மல் இராது," என்றார் சிவம். சொல்லிவிட்டு எங்கள் மிசினின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார். விம்மல் ஆறியது. வவ்வ்வ்... வவ்வ்வ்வ்... இன்னும் கொஞ்சம் கூட்டினார். நின்றுபோனது. இரண்டு மிசினும் ஒரு மிசின் போல ஒரே சீராக ஓடின.

நான் தேத்தண்ணீரை வரம்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பாம்பைக் கண்டுவிட்டேனோ என்று சிவம் மண்வெட்டியோடு பின்னால் ஓடிவந்தார்.

கிற்றாரிலும் அதே விம்மல்தான் இருந்தது. ஒரு தந்தியின் ஐந்தாவது கட்டத்துக்கு மேல் விரலை மெல்லத் தொட்டு ஒரு மெல்லிய மணிச்சத்தம் எடுக்கலாம். அடுத்த தந்தியின் ஏழாவது கட்டத்திலும் அதே சத்தம் வரவேண்டும். இரண்டையும் சேர்த்துத் தட்டினேன். விம்மியது. முறுக்கியைத் திருப்பினேன், விம்மல் வேகமெடுத்தது. சரி, பிழையான பக்கம். மற்றப் பக்கம் திருப்பினேன். ஆறி, ஆறி, நின்றது.

எட்டு மாதம் பற்றறி இல்லாமலே இருந்தேன். அந்த எட்டு மாதத்தில் என் காதுக்குக் கண் முளைத்தது. மேடையிலோ சந்தையிலோ சத்தம் கூடின இடத்தில் கிற்றார் உடம்பின் மேல்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் தாடை எலும்பை முட்ட வைத்தால் தந்தி தலைக்குள்ளேயே பேசும் என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது, ரீச்சர் கிற்றாரைக் கடிக்கிறா என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார்கள்.

பாஸ்கரன் அண்ணையின் சட்டம்

பாஸ்கரன் அண்ணையின் குழுவில் முன்பு பேஸ் வாசித்தவர் பிரான்சுக்குப் போய்விட்டார். பதிலுக்கு ஆள் கிடைக்காமல்தான் என்னைக் கூப்பிட்டார். "ஆள் வரும்வரைக்கும்" என்று சொல்லித்தான் கூப்பிட்டார். அந்தச் சொல்லை அவரும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

நல்ல மனிதர். இருபத்தைந்து வருடமாகக் குழு நடத்துகிறார். மின்வெட்டு, மழை, மணமகன் ஓடிப்போன கலியாணம் எல்லாம் பார்த்தவர். ஆனால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. சுருதி என்றால் ரியூனர்தான். முதல் நாள் ஒத்திகையில் நான் வழக்கம்போலத் தாடையைக் கிற்றாரில் வைத்துச் சுருதி சேர்த்தேன். உடனே ஒத்திகையை நிற்பாட்டினார்.

"உது வேண்டாம் சுகந்தி. காது ஆளுக்காள் மாறும். ரியூனர் மாறாது. என்ரை குழுவிலை எல்லாருக்கும் ஒரே சட்டம்."

அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. எட்டுப் பேர், எட்டு விதமான காது, அதில் இரண்டு காது எப்போதும் கைத்தொலைபேசியில். நான் வாயை மூடிக்கொண்டு ரியூனரைக் கவ்வவிட்டேன். பத்து மாதம் அப்படியே போனது. காது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ரண்டு கட்டை

இந்தச் சேர்ந்த கச்சேரிக்கு ஒத்திகையே இல்லை. திருவிழாக் காலத்தில் குகநேசனைப் பிடிக்க முடியாது. காலையில் ஒரு கோயில், பின்னேரம் ஒரு கோயில். பாஸ்கரன் அண்ணை தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்ன சுருதி வித்துவான்?"

"ரண்டு கட்டை."

ரண்டு கட்டை என்றால் கீபோட்டில் டி என்கிற கட்டை. அங்கே 'சா' வைத்து எல்லாப் பாட்டையும் ஒத்திகை பார்த்தோம். பழுதில்லாமல் வந்தது.

அன்று பின்னேரம் குகநேசன் வந்து இறங்கினார். வயது முப்பதுகூட இராது. காதில் கடுக்கன், கழுத்தில் தங்கப் பதக்கங்கள். அவர் வானை விட்டு இறங்கினால் பின்னால் நாலு தலைமுறையும் சேர்ந்து இறங்குகிற மாதிரி இருக்கும். அந்தத் தோரணை அவருக்கு வடிவாகப் பொருந்தியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாஸ்கரன் அண்ணை ரியூனரைக் கையில் வைத்துக்கொண்டு பக்குவமாகக் கிட்டப் போனார்.

"வித்துவான், ஒருக்கா இதுக்குப் பக்கத்திலை ஊதினியள் எண்டால் சுருதி பாத்திடலாம்."

குகநேசன் அந்தப் பெட்டியைப் பார்த்தார். பிறகு அண்ணையைப் பார்த்தார்.

"இது என்ரை பூட்டன் ஊதின நாயனம். இதுக்கு உந்தப் பெட்டி மார்க்குப் போடப்போகுதோ?"

"ஐயோ, அப்பிடியில்லை வித்துவான்..."

"ரண்டு கட்டை எண்டு சொன்னனெல்லே. பிறகென்ன?"

ஒரு நாதஸ்வர வித்துவானிடம் போய் உங்கள் சுருதி சரியா என்று கேட்க எங்கள் ஊரில் யாருக்கும் வாய் வராது. சமையற்காரரிடம் போய் உப்புப் போட்டீர்களா என்று கேட்கிற மாதிரி. அண்ணை தலையைச் சொறிந்தார். கடைசியில், வித்துவான் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, அவருடைய சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ரியூனரைப் பிடித்தார். சுருதிப் பெட்டி 'சா'வையும் 'பா'வையும் சேர்த்தே ஒலிக்கும். பாவம் ரியூனர், இரண்டுக்கும் நடுவில் விழி பிதுங்கியது. டி என்று காட்டியது, பிறகு 'பா'வுக்குரிய ஏ என்றது, மறுபடி டி என்றது.

"டி காட்டுது. சரிதான்," என்றார் அண்ணை, பெரிய நிம்மதியோடு.

எழுத்தைப் பார்த்தாரே தவிர முள்ளைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பூட்டனார் காலத்து ரண்டு கட்டை இன்றைய கீபோட்டின் டி-யை விடக் கொஞ்சம் உயரம். வெயிலில் நாயனம் சூடேற அது இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது; சுருதிப் பெட்டியையும் அவர் அதற்கேற்பத் திருகி வைத்திருந்தார். அவரும் ரண்டு கட்டை, நாங்களும் ரண்டு கட்டை. இரண்டு பேருமே சரி. கேட்ட ஊருக்குத்தான் தண்டனை.

தவிலுக்குத் தனி

இப்போது மேடைக்கு வருவோம்.

குகநேசன் எங்களைத் திரும்பிப் பார்த்தார் என்று சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் எழுந்து போயிருப்பார்கள். அவர் போகவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டாமல் தவில்காரர் இருவருக்கும் தலையை அசைத்தார். அவ்வளவுதான், தனி தொடங்கிவிட்டது. எங்கள் சனம் தவிலென்றால் சாப்பாட்டையும் மறக்கும். குழந்தையின் காதைப் பொத்திய தாய்கூடக் கையை எடுத்துவிட்டுத் தாளம் போட்டார்.

எனக்கு விளங்கியது. பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது.

பாஸ்கரன் அண்ணை தலையைக் கவிழ்ந்துகொண்டு கீபோட்டைப் பிரிக்கிற வேலையில் இருந்தார். என் இடம் அங்கே பொத்தான் பொத்தானாகப் போய்க்கொண்டிருந்தது. நான் கிற்றாரின் வயரைக் கழற்றினேன்.

"எங்கை போறீர்?"

மேடையைக் குறுக்கறுத்து, நாதஸ்வரக்காரரின் கம்பளத்தில் போய்க் குந்தினேன். அந்தக் கம்பளத்தில் ஒரு பெண் வந்து இருந்து யாரும் பார்த்ததில்லை, அதுவும் மடியில் கிற்றாரோடு. இரண்டாவது நாதஸ்வரக்காரர் திடுக்கிட்டுக் காலை மடக்கினார். சனத்துக்குள் சலசலப்பு. கோபம் மட்டும் கூட வந்திருக்காவிட்டால் பாதி வழியில் திரும்பியிருப்பேன்.

குகநேசனின் காதுக்குக் கிட்டப் போய்க் கத்தினேன்.

"தம்பி, உங்கடை சுருதிப் பெட்டியிலை இதின்ரை தலையை ஒருக்கா முட்ட வைக்கலாமோ?"

"என்னத்துக்கு?"

"உங்களை எங்கடை சுருதிக்கு வரச்சொல்லி நான் கேக்கேல்லை. உங்கடை சுருதிக்கு நான் வாறன்."

அவர் சுருதிப் பெட்டியைத் தன் கையாலேயே என் பக்கம் தள்ளிவிட்டார்.

கிற்றாரின் தலையைப் பெட்டியில் முட்டக் கொடுத்தேன். மறுபக்கக் கொம்பில் என் தாடையை வைத்தேன். கண்ணை மூடினேன். வெளியே இரண்டு தவிலும் இடித்துக்கொண்டிருக்க, எலும்புக்குள்ளால் சுருதி வந்தது. மரத்தின் வழியே ஏறி, தாடையால் தலைக்குள் போனது. அடித்தந்தியிலிருந்து மூன்றாவதான டி தந்தியில் மெல்லத் தொட்டு மணிச்சத்தத்தை எடுத்தேன்.

வவ், வவ், வவ், வவ். நொடிக்கு இரண்டு விம்மல்.

முறுக்கியைத் திருப்பினேன். அந்தப் பதற்றத்தில் பிழையான பக்கம் திருப்பிவிட்டேன், விம்மல் இன்னும் வேகமெடுத்தது. மூச்சை இழுத்துப் பிடித்தேன். மற்றப் பக்கம். ஒரு மயிரிழை. வவ்வ், வவ்வ். இன்னும் ஒரு மயிரிழை. வவ்வ்வ்வ்... வவ்வ்வ்வ்வ்வ்... தவில்காரர் ஏதோ ஒரு பெரிய கோர்வைக்குள் போனார், சனம் ஆரவாரித்தது. நான் தாடையை இன்னும் அழுத்தினேன்.

நின்றது.

பெட்டியும் தந்தியும் ஒன்றாகிவிட்டன. அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோசத்தை எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். பல் தெரியச் சிரித்துக்கொண்டு இருந்தேனாம், பிறகு சிவம் சொன்னார். அந்தத் தந்தியை வைத்து மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன்.

வேலை பாதிதான் முடிந்தது. நான் மட்டும் நாயனத்தோடு சேர்ந்தால் போதாது. கீபோட்டும் மற்றக் கிற்றாரும் இன்னும் பழைய இடத்திலேயே நின்றன. இங்கேதான் ரியூனர் வேண்டியிருந்தது. உலகத்து வாத்தியங்கள் பெரும்பாலும் 440 என்கிற ஓர் எண்ணில்தான் ஒத்துப்போகின்றன. ரியூனரில் ஒரு பொத்தானை அமத்தினால் அந்த எண்ணைக் கூட்டலாம். கீபோட்டிலும் அதே எண் எங்கோ உள்ளே இருக்கிறது. டி தந்தியை உரமாகத் தட்டினேன். முள் வலப்பக்கம் சாய்ந்து கிடந்தது. பொத்தானை அமத்தினேன். 441, இல்லை. 443, கொஞ்சம் நிமிர்ந்தது. 445. 446.

447. பச்சை.

சந்தனம்

இதை அண்ணையிடம் எப்படிச் சொல்வது? அவர் மேடையின் மறுமுனையில், அந்தத் தொங்கலில், தலை கவிழ்ந்தபடி. தவில் உச்சத்தில். கத்திப் பார்த்தேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கம்பளத்தில் வித்துவானுக்கு மரியாதைக்கு வைத்த சந்தனக் கிண்ணம் இருந்தது. விரலைத் தோய்த்தேன். கறுப்புக் கிற்றாரைப் பிரட்டி, அதன் முதுகில், வகுப்புக் கரும்பலகையில் எழுதுகிற மாதிரிப் பெரிதாக எழுதினேன். 447. எழுந்து நின்று கிற்றாரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன்.

முன்வரிசையில் ஓர் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். ஏதோ புதுவிதமான தீபாராதனை என்று நினைத்திருக்க வேண்டும்.

மற்றக் கிற்றார்காரர் கண்டுவிட்டு அண்ணையைத் தட்டினார். அண்ணை நிமிர்ந்தார். எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. இருபத்தைந்து வருடக்காரர் அல்லவா. ஆனால் அவர் கை அசையவில்லை. அந்த எண்ணைப் போட்டால் கீபோட் பிழை, காது சரி என்று ஒத்துக்கொள்வதாகும். ஊருக்கு முன்னால், ஆள் வரும்வரைக்கும் வந்தவள் சொல்லி. நான் கிற்றாரைக் கீழே இறக்கவில்லை. தோள் இரண்டும் விட்டுப்போகிற மாதிரி நொந்தது.

அப்போது குகநேசன் அண்ணையைப் பார்த்து, நாடியால் என் கிற்றாரைக் காட்டினார்.

அண்ணை குனிந்து பொத்தான்களை அமத்தத் தொடங்கினார்.

ஓடிவந்து வயரைக் கொழுவினேன். மற்றக் கிற்றார்காரர் தன் ரியூனரையும் 447-க்கு மாற்றி அவசர அவசரமாக முறுக்கிக்கொண்டிருந்தார். தவில் இரண்டும் தீர்மானத்துக்கு வந்து, கடைசி அடி விழுந்து, கைதட்டல் எழுந்து ஓய்ந்தது. குகநேசன் நாயனத்தை எடுத்தார். 'சா' பிடித்தார்.

நான் டி தந்தியைத் தட்டினேன்.

பந்தலின் தகரம் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. அவருடைய 'சா'வுக்கு அடியில் என் 'சா' போய் இருந்தது, இடையில் ஓர் ஊசிக்குக்கூட இடமில்லை. கீபோட் சேர்ந்தது, கிற்றார் சேர்ந்தது, பாடகி சேர்ந்தார். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை விட்டார்கள். கடலைக்காரர் சுருள் சுற்றுவதை நிறுத்தினார். பிறகு இரண்டாவது வரியில் குகநேசன் மேலே ஒரு சங்கதி போட, நான் கீழே இறங்கி அவரைத் தாங்க, சைக்கிள்கள் நிறுத்தியிருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அப்பிடிப் போடும்!"

சிவம்தான். பதினெட்டு வருடக் கலியாண வாழ்க்கையில் அவர் பொது இடத்தில் குரல் எழுப்பியது அன்றைக்குத்தான். அதோடு கைதட்டல் பிடித்துக்கொண்டது. பாட்டு முடியும்வரை விடவில்லை. கனடாக்காரர் எழுந்து நின்று தட்டினார். நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது நாயனத்துக்கும் தவிலுக்கும் மட்டும் விழுந்த கைதட்டல் இல்லை. அதில் என் பங்கு எனக்குத் தெரிந்தது. எடுத்துக்கொண்டேன்.

நடுவில் ஒருமுறை பாஸ்கரன் அண்ணையைப் பார்த்தேன். வலது கை கட்டைகளில் ஓடியது. இடது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் கிட்ட வந்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை கலியாணவீடு. வான் ஆறு மணிக்கு உம்மடை வீட்டடிக்கு வரும்," என்றார். "ஆள் தேடுறதை விட்டிட்டன்."

"ஓம் அண்ணை," என்றேன்.

நிகழ்ச்சிப்படி ஒரே ஒரு பாட்டுத்தான் சேர்ந்து வாசிப்பதாக இருந்தது. அது முடிந்தால் குகநேசன் அடுத்த கோயிலுக்குப் போகவேண்டும், வான்காரர் மேடைக்குப் பின்னால் வந்து நிற்கிறார். குகநேசன் அவருக்குக் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். சீவாளியை எடுத்து வாயில் ஈரமாக்கி, மறுபடி நாயனத்தில் பொருத்தினார். ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். யாரிடமும் சுருதி வாங்காத நாலு தலைமுறை வித்துவான், கீபோட்டைத் தாண்டி, பாடகியைத் தாண்டி, கடைசியில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா," என்றார், ஊருக்கே கேட்க. "சுருதி தாங்கோ."

தட்டினேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்.